டூன்காராவில் ஒரு விடியல்

டப்ளின் ஏலக்கூடத்துக்குள் நுழைந்ததுமே அம்மா மூக்கைச் சுளித்தாள். "ஒரு மாட்டு வாசனைகூட இல்லியேடி. எப்படித்தான் இருக்காங்களோ!"

"அதான் உன் பிள்ளை கொண்டாந்திருக்கானே," என்றேன். அண்ணன் மலக்கி தன்னிடம் இருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டு வந்திருந்தான். அதன் ஓரத்திலும் சாணிதான்.

நாங்கள் படம் வாங்க வரவில்லை. வாங்குகிற மூஞ்சிகளா நாங்கள்! பார்க்கத்தான் வந்தோம். ஹெஸ்டர் பிரெய்ஸ் என்ற ஓவியக்காரி, இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஓர் இலையுதிர்காலத்தில் எங்கள் டூன்காராவில் வந்து தங்கி, மலையையும் வயலையும் கட்டம் கட்டமாக வரைந்தாள். அப்போது ஊரே சிரித்தது. இப்போது அவளுடைய 'டூன்காராவில் ஒரு விடியல்' ஏலத்துக்கு வருகிறது, அதில் ஓர் ஆள் மண்ணைத் தோண்டுகிறான் என்று தபால்காரர் பேப்பரைப் படித்துச் சொன்னார். டப்ளினுக்குப் போயே ஆகணும் என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டாள்.

அந்த இலையுதிர்காலத்தில்தான் அம்மாவின் தலைப்பிள்ளை பிறந்து, ஞானஸ்நானத்துக்கு முன்பே இறந்துபோனது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு கோயில் கல்லறையின் மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்று சாமியார் சொல்லிவிட்டார். தகப்பன்தான் இருட்டோடு இருட்டாகக் கொண்டுபோய்ப் புதைக்க வேண்டும். எங்கே என்று தாயிடம் சொல்லக் கூடாது. அப்பா சாகும்வரை சொல்லவில்லை. அப்படிச் செத்த பிள்ளைகள் எல்லாம் கிடக்கிற பிள்ளைமேட்டில்தான் இருக்கும் என்று அம்மா ஞாயிறுதோறும் அங்கே போவாள். தன் பிள்ளைக்கு வைத்த கல் எது என்று தெரியாமல் எல்லாக் கல்லையும் தொட்டுவிட்டு வருவாள். பிள்ளையைப் புதைத்த மறுநாள் ஓவியக்காரி வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனதை அம்மா மறக்கவே இல்லை; புதைத்ததை அவள் பார்த்திருக்கிறாள் என்றே நம்பினாள்.

இப்போது அம்மாவுக்குக் கண்ணின் நடுவில் கறுப்பு விழுந்துவிட்டது. ஓரப் பார்வை மட்டும் கொஞ்சம் உண்டு. "நீங்க ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க. எந்தக் கல்லுன்னு தெரிஞ்சாப் போதும். அது பக்கத்துல ஒரு தடவ உக்காந்துட்டேன்னா நிம்மதியாக் கண்ண மூடிருவேன்," என்றாள்.

அவளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஏலம் தொடங்குமுன் படம் மாட்டியிருந்த சுவருக்குப் போனோம். மலை சாய்ந்த கட்டங்களாக இருந்தது. வானம் ஈயநிறம். ஆனால் ஆள் அப்பாதான். மண்வெட்டியைக் காலால் மிதித்து இறக்குகிற எங்கள் ஊரில், இடது காலால் மிதிப்பவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் சின்னதாக ஒரு நீலப் பெட்டி. வாசல் கதவுக்கு அடித்த நீலத்தின் மிச்சத்தைத்தான் அந்தப் பெட்டிக்கு அடித்தார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அவருக்குப் பின்னால் இருந்தது பிள்ளைமேடு இல்லை. எங்கள் வீட்டின் பின்சுவர். மேலே ரெட்டைப் புகைபோக்கி; ஊரில் எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் அது. மனுஷன் பிள்ளையைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்.

மலக்கி என் முழங்கையைப் பிடித்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். "அட்ராக்டா, இது நம்ம சாணிக்குழி இருக்கற எடம்."

அந்தக் குழியை வெட்டிய அன்று அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றார். அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வேற வேலை இல்லியா? போய் அடுப்புகிட்ட உக்காரு," என்று மலக்கி விரட்டினான். அதற்கப்புறம் அவர் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிடிவாதக் கிழவன் என்று நாங்கள் சிரித்தோம்.

"நீலப் பலக வந்துச்சுடி," என்றான் மலக்கி. "துண்டு துண்டா. ஏதோ பழைய கதவுன்னு நெனச்சு எரிச்சுட்டேன்."

நான் அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். "வாய மூடு. அம்மாகிட்டப் பிள்ளைமேடுன்னு சொல்லு."

அவன் போய் அவள் காலடியில் குந்தினான். "பிள்ளைமேடுதாம்மா. மேற்கு ஓரத்துல முள்மரம் இருக்கே, அதுக்குக் கீழ இருக்கற கல்லு."

"நெசமாவாடா?" அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. அவன் கையை எடுத்து முத்தமிட்டாள். "முள்மரம்! எத்தன தடவ அதுல சாஞ்சு நின்னிருக்கேன்."

அப்போதே அவளை வெளியே கூட்டிப்போயிருக்க வேண்டும். கூப்பிட்டும் பார்த்தேன். "என் புருஷன ஏலம் விடறாங்க. எவன் எடுக்கறான்னு கேட்டுட்டுத்தான் வருவேன்," என்று சிரித்தாள்.

ஏலக்காரர் நல்ல வாயாடி. "அடுத்தது ஹெஸ்டர் பிரெய்ஸ். விடிகாலை வெளிச்சத்தப் பாருங்க. ரெட்டைப் புகைபோக்கி வெச்ச வீடு. வீட்டுக்குப் பின்னாடி, சுவரை ஒட்டி ஒரு குடியானவர் உருளைக்கிழங்கு தோண்டறாரு. இந்த அமைதி வேற எந்தப் படத்துல கெடைக்கும்?"

கைகள் உயர்ந்தன. விலை ஏறியது. அம்மா மடியில் வைத்த கையை அசைக்கவில்லை. சுத்தியல் விழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள்.

சத்தம் அடங்கிய பிறகு அவள் மலக்கியின் பக்கம் திரும்பி, கழுத்தைச் சாய்த்து ஓரக்கண்ணால் அவனைத் தேடிப் பார்த்தாள்.

"பிள்ளைமேட்டுல ஏதுடா வீடு?"

மலக்கி தரையைப் பார்த்தான். நான் அவள் தோளைத் தொட்டேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"சாணிக்குழி வெட்டுன அன்னைக்கு உங்கப்பா தொப்பியக் கழட்டிட்டு யாருக்காகடா நின்னாரு?"