சிவப்பு ஆளும் பச்சைப் புள்ளையும்

வட்டக்கானலில் சரிவை ஒட்டியிருந்த ரிசார்ட்டில் பல வருஷங்களாக வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொண்டவள் ஜாஹிதா. வரவேற்புத் தலைமைப் பொறுப்பு காலியானபோது, அது தனக்குத்தான் என்று நினைத்தாள். மேனேஜர் சேனாதிபதிக்கோ வேறு கணக்கு.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, ஊழியர்களுக்கெல்லாம் குணநலத் தேர்வு வைத்தார் அவர். முந்தி நின்று முடிவெடுப்பவர் சிவப்பு, பொறுமைசாலி பச்சை என்று ஆளுக்கொரு நிறம் வந்தது. “இது ஒருத்தர ஒருத்தர் புரிஞ்சுக்கத்தான். இத வச்சு யாரையும் ஏத்தி எறக்கிறாதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அந்தம்மா மலையிறங்கினார்.

மறுநாளே கூட்டத்தில் சேனாதிபதி எழுந்தார். “நம்ம ஜாஹிதாவுக்குப் பச்சை வந்திருக்கு. பச்சைப் புள்ள! கெஸ்ட் ஒரு சத்தம் போட்டா அழுதுரும். தலைமைக்கெல்லாம் சரிப்படாது.”

எல்லோரும் சிரித்தார்கள். சமையல்கட்டு மலைச்சாமியின் சிரிப்புதான் ஓங்கிக் கேட்டது. பொறுப்பு சேனாதிபதியின் அக்கா மகன் அஜய்க்குப் போனது.

தனக்குச் சிவப்பு வந்ததில் சேனாதிபதிக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வு முடிவைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, ஊழியர்கள் சாப்பிடும் அறையில் மாட்டினார். மேலே இருந்த புகழ்ச்சியோடு மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, ஜாஹிதா கீழே இருந்ததையும் படித்தாள். ‘பிறர் முன்னிலையில் திருத்தினால் நிதானம் இழப்பார். எதிராளி அமைதியாக இருந்தால் கோபம் இன்னும் கூடும்.’

அவள் பரீட்சித்துப் பார்த்தாள். தனியாக இருக்கும்போது, “சார், அந்த ரூமுக்கு ஏற்கெனவே ஆள் வந்தாச்சுங்க” என்றால் தலையாட்டிவிட்டுப் போவார். அதையே நாலு பேர் நடுவில் சொன்னால் சாவியைத் தூக்கி எறிவார். அவள் சிரித்த முகத்தோடு குனிந்து எடுத்துக் கொடுப்பாள். அவர் கழுத்து நரம்பு புடைக்கும். எவ்வளவு சொன்னால் எவ்வளவு கொதிக்கும் என்பது அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிறகு காத்திருந்தாள்.

பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த பழனிச்சாமிதான் ரிசார்ட்டின் முதலாளி. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த கையோடு, சம்பந்தி வீட்டாரை மலைக்கு அழைத்து வந்தார்.

“இந்தக் காட்டேஜெல்லாம் என்னோட ஐடியாங்க” என்று சம்பந்தியிடம் சொன்னார் சேனாதிபதி.

“முதலாளியம்மா போட்ட பிளானாச்சே அது, சார்” என்றாள் ஜாஹிதா, சாவியை நீட்டியபடி.

அவர் முறைத்தார். பிறகு, இதமான குரலில், “சீசன்ல ஒரு ரூம்கூட காலியில்ல” என்றார்.

“மே மாசத்துல பாதி காலியாத்தான கெடந்துச்சு, சார்.”

“ஒன்னயக் கேட்டனா?”

அவள் அவரையே பார்த்து லேசாகப் புன்னகைத்தாள். பழனிச்சாமி இடையில் புகுந்து, “விடுங்க சேனாதிபதி, அந்தப் புள்ள உள்ளதத்தான சொல்லுது” என்றார்.

“நீங்க சும்மா இருங்க! பஞ்சாமிர்தம் பெசையிறவருக்கு ஓட்டலப் பத்தி என்ன தெரியும்? நான் இல்லாட்டி இந்த எடம் நாறிப்போயிருக்கும்!”

சம்பந்தி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேனாதிபதிக்குத் தான் என்ன பேசினோம் என்று அப்போதுதான் உறைத்தது. “அண்ணாச்சி, நான் அப்படிச் சொல்ல வரல...” என்று கையைப் பிசைந்தார். பழனிச்சாமி அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை.

சாயங்காலத்துக்குள் கணக்குத் தீர்த்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார். பையோடு மேஜை முன் வந்து நின்றார் சேனாதிபதி. “வேணும்னேதான செஞ்ச?”

“ஆமா, சார்” என்றாள் ஜாஹிதா.

அவர் பையைக் கீழே வைத்தார். “எனக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு தாயி.”

“கடைசி பஸ் போயிரும், வெரசாப் போங்க சார்.”

அவர் பனிக்குள் இறங்கி மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். மனசில் இரக்கம் ஏதாவது எழுமா என்று பார்த்தாள், எழவில்லை. அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் தலைமைப் பொறுப்பு அவளிடம் வந்தது. அஜய்யை ஸ்டோருக்கு மாற்றினாள். மலைச்சாமி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, “சர்க்கரை சரியா இருக்காம்மா?” என்று கேட்டபடி நின்றார்.

ஜாஹிதா டீயைத் தொடவில்லை. அவரை அப்படியே நிற்கவிட்டாள்.