பாறைமேல் நாரை

1

இந்தக் கதை எனக்குத் துணிக்கொடியில் கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரி ஈரச் சட்டையை உதறிக்கொண்டே சொன்னாள். நான் காய்ந்த துண்டையே மறுபடி மறுபடி மடித்துக்கொண்டு கேட்டேன். ஒட்டுக்கேட்டதாக நினைக்க வேண்டாம். அவள் என்னிடம்தான் சொன்னாள். (முன்பாதியை மட்டும், போன வாரம், சுவர் வழியாகக் கேட்டேன்.)

ஆரம்பம் ஒன்று: கடல் அன்று ஒரு நீலப் பட்டுப்போல

[அடித்துவிட்டேன். கடலைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் ஜன்னலை விட்டு நகர்ந்தால்தானே.]

ஆரம்பம் இரண்டு: அவள் கணவருக்குக் கண் தெரிகிறதா, இல்லையா?

இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

ஒரு சங்கடம். அந்த மனிதர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிப்பவருக்கே கண் மங்குகிறது என்றால், "கதைக்காக ஜோடித்தது" என்பீர்கள். அதனால் ஒரு வரைவில் அவரைத் தையற்காரர் ஆக்கிப் பார்த்தேன். ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே முறைத்தார். சரி, போய் உங்கள் கடையிலேயே உட்காருங்கள் என்று விட்டுவிட்டேன்.

அதுவும் நல்லதற்குத்தான். கண்ணாடிக்காரர் என்பதால்தானே அவள் பாடு திண்டாட்டமானது! உப்பு டப்பாவைத் தடவி எடுக்கிறார், படியைக் காலால் துழாவுகிறார் என்று பார்த்துவிட்டு, ஒருநாள் கடையில் அவரையே நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"எங்க, அந்த அட்டையைப் படிங்க பாப்போம்."

கடைசி வரியின் கடுகு எழுத்துவரை மடமடவென்று ஒப்பித்தார். ஆயுள் முழுக்க அதே அட்டையைப் பிறருக்குக் காட்டியவர் வேறென்ன செய்வார்? விளக்கை அணைத்தாள். அப்போதும் படித்தார்.*

* விளக்கை அணைத்தது என் கைச்சரக்கு. நன்றாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "கண்ணாடிக்காரன் கண்ணு போச்சுன்னு ஊரே சிரிக்கணுமா?" என்பார். கண் போனால் போகட்டும் என்று அவளும் விட்டிருப்பாள். ஆனால் கார் ஓட்டுவது அவர். விடுமுறை வந்தால் இருவரும் பறவை பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில் பாம்பாக நெளியும் சாலை. அவளுக்கும் ஓட்டத் தெரியும். என்ன, வீட்டு வாசலில் அவர் ஒரே வளைப்பில் நிறுத்துவார். அவள் நிறுத்தினால் முன்னே, பின்னே, முன்னே என்று தெருவே எழுந்து உட்காரும்.

3

ஆகவே அவள் பறவைகளை வைத்துச் சோதிக்கத் தீர்மானித்தாள்.

அங்கும் அதே கதி. தண்ணீர் ஓரம் கீச்சிட்டால் "உள்ளான்" என்றார். தலைக்கு மேல் கரகரத்தால் "ஆலா" என்றார். எந்தச் சேற்றில் எது மேயும் என்பதும் அவருக்கு மனப்பாடம். கரையோரம் டால்பின் துள்ளியபோது பக்கத்தில் நின்ற குழந்தைகள் கத்திய கத்தலில், அவர் சரியான திசையில் திரும்பி "ஆகா!" என்றார்.

கடைசியில் அவள் பொய்யில் இறங்கினாள். தூரத்தில் ஒரு மொட்டைப் பாறை. அதன்மேல் ஒன்றுமில்லை.

"ஏங்க, அந்தப் பாறைமேல பாருங்க. நாரை!"

[இந்த இடத்தில் பைனாகுலரின் மூடியைக் கழற்றாமலே அவர் பார்த்ததாக எழுதியிருந்தேன். "ஐயோ, கழற்றித்தான் இருந்துச்சுக்கா" என்று அவள் சத்தியம் செய்ததால் நீக்கினேன். மனசே இல்லை.]

அவர் நிதானமாகப் பார்த்தார்.

"சாம்பல் நாரை. கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு ஒத்தைக் கால்ல நிக்குது. தூங்குது போல."

இல்லாத பறவைக்குத் தூக்கம்வரை சொல்கிறாரே! அவளுக்காகச் சொல்கிறார், இந்த நடையும் இந்தக் கடலும் நின்றுவிடக் கூடாதென்று சொல்கிறார். "நான் சும்மா…" என்று வாயெடுத்தாள்.

பாறையின் உச்சி அசைந்தது. கழுத்து நீண்டது. அகன்ற சாம்பல் இறக்கைகளை விரித்துக்கொண்டு நாரை கடலுக்கு மேலே போயிற்று.

"பாத்தியா, நீ போட்ட சத்தத்துல எழுந்து போயிடுச்சு" என்று பைனாகுலரை இறக்கினார். பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "என்ன இப்படி வாயைப் பொளக்குற? நீதானே காட்டுன?"

4

அவர் பார்த்துச் சொன்னாரா, அடித்துவிட்டது பலித்ததா? அவளுக்குத் தெரியவில்லை. அதைவிட, அத்தனை பெரிய நாரை அவள் கண்ணில் ஏன் படவில்லை?

காரருகே வந்ததும் கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்களுக்கோ எனக்கோ, யாருக்கோ கண்ணு சரியில்லை."

"அப்போ உன்கிட்ட மட்டும் எப்படிக் குடுக்குறது?"

முடிவு அ: அவர் சாவியை அவள் உள்ளங்கையில்

முடிவு ஆ: அவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்ப, அவள் வழியெல்லாம் "வளைவு… லாரி… வளைவு" என்று

அவள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். கையில் சட்டையும் கிளிப்புமாக என்னைக் கேட்டாள்: "நேத்து நாங்க வந்தப்ப ஜன்னல்ல இருந்தீங்களாக்கா?"

என்னைப் போய்க் கேட்கிற கேள்வியா இது!

"இல்லையேம்மா, ஒரே தலைவலி. படுத்துட்டேன்" என்றேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி. கிளிப்பைப் போட்டாள்.

5

அவளிடமே சொல்லாததை உங்களிடம் எப்படிச் சொல்வது? கேட்டதை மட்டும் சொல்கிறேன். அன்று வாசலில் வண்டி முன்னே போயிற்று, பின்னே வந்தது, முன்னே போயிற்று. அவசரப்படாதீர்கள். அவள் ஓட்டினாலும் அப்படித்தான். கண் மங்கியவர் ஓட்டினாலும் அப்படித்தான். உள்ளே ஒரு குரல் "சுவரு, சுவரு!" என்றது. இன்னொன்று விழுந்து விழுந்து சிரித்தது. எது யாருடையதென்றால்

[வேண்டாம்.]

இதோ, இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுக் கதவு பூட்டும் சத்தம். கடை திறக்கும் நேரத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். கார் வாசலிலேயே நிற்கிறது. நடந்தே போகிறார்கள், கையைக் கோத்துக்கொண்டு. கண் டாக்டர் வீடும் அந்தப் பக்கம்தான், கடற்கரைப் பேருந்தும் அந்தப் பக்கம்தான். தெருமுனையில் ஒரு பள்ளம் வரும். அங்கே யார் யாரைப் பிடித்து நிறுத்துகிறார்கள் என்று பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்.

நான் எழுந்து நகர்ந்துகொள்கிறேன். ஜன்னலுக்கு நீங்கள் வாருங்கள். பார்த்ததை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். என் வாய் எனக்குத் தெரியும்.