காசியம்மாளின் அர்ஜென்டினா

முகையூர்ப் பக்கம் மல்லாட்டைச் செடியை, அதாவது நிலக்கடலைச் செடியை, பிடுங்கிப் போட்டுவிட்டால் வீட்டில் யாருக்கும் வேறு வேலை இருக்கக் கூடாது. மழைக்கு முன்னால் காயை ஆய்ந்து முடிக்க வேண்டும். நனைந்த காய் முளைத்துவிடும். சங்கவிக்கு இது தெரியாததல்ல. ஆனால் மறுநாள் காலை அவளுக்குத் திண்டிவனத்தில் நேர்முகத் தேர்வு.

கேட்டரிங் கல்லூரியில் கடைசி வருஷம். கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய ஓட்டலுக்கு ஒரே ஓர் ஆள் எடுக்கிறார்கள். 'உலகில் ஒயின் விளையும் இடங்கள்' என்ற தலைப்பில், கையில் தாள் இல்லாமல், விருந்தினருக்குச் சொல்வது போலப் பேச வேண்டும். கிடைக்காவிட்டால் சித்தப்பா சொல்லி வைத்திருக்கும் செல்போன் கம்பெனிக்கு ஷிப்டு பஸ் ஏற வேண்டியதுதான். சங்கவிக்கோ, பார்க்காத ஊர்களின் பெயரைச் சொல்லிப் பார்ப்பதே வெல்லம் தின்பது மாதிரி.

புளியமரத்தடியில் காய் ஆய்ந்துகொண்டிருந்த பெண்களோடு உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு செடியைக் கையில் எடுத்தாள். இரண்டும் ஓடவில்லை.

"இன்னாடி முணுமுணுன்னு? வாய விட்டுச் சொல்லு, நாங்களும் கேக்கறோம்" என்றாள் வீரம்மாள். சங்கவிக்குப் பெரியம்மா முறை.

"ஒயினு எந்தெந்த தேசத்துல ஆவுதுன்னு படிக்கறேன் பெரிம்மா. திராட்சையில செய்வாங்களே, குடிக்கிறது."

"குடிக்கிறதுக்கு ஒரு பாடமா? உங்க பெரியப்பா படிக்காமலே பாஸ் பண்ணிட்டாரே!"

புளியமரத்தடி முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே சங்கவிக்கு வாய் திறந்துகொண்டது. ஆளுக்கொரு நாடாகப் பங்கு வைத்தாள். பிரான்ஸ் வீரம்மாளுக்கு. ஷாம்பெய்ன் என்கிற சீமையில் செய்தால்தான் அதற்கு ஷாம்பெய்ன் என்று பேர் வைக்கலாம் என்று சொன்னபோது வீரம்மாளுக்கு ஆச்சரியம்.

"நம்ம தள்ளுவண்டிக்காரன் எந்தப் பலாவையும் பண்ருட்டின்னுதான வித்துக்கினு போறான்!"

ஜார்ஜியாவில் பெரிய பானைகளை மண்ணில் புதைத்து அதற்குள் ஒயின் செய்வார்கள் என்றதும், சங்கவியின் அம்மா கலைமதி, "அது எனக்கு" என்று எடுத்துக்கொண்டாள். ஆய்ந்து போட்ட செடிக் குவியல்தான் ஆண்டிஸ் மலை. அதற்கு மேற்கே உட்கார்ந்திருந்த காந்திமதி அண்ணி சிலி. கிழக்கே காசியம்மாள் அத்தை அர்ஜென்டினா.

"உங்க அர்ஜென்டினாவுல, மெண்டோசாங்கிற எடத்துல மழையே அவ்வளவா கெடையாது அத்த."

"இங்கயும் காயுது, அங்கயும் காயுதா? பேஜாரு புடிச்ச ஊர என் தலையில கட்டறியே!"

"மலையில பனி உருகி வாய்க்கால்ல தண்ணி வரும்."

"வாய்க்கால்ல தண்ணி வருதா? அப்போ இருக்கட்டும், நானே வெச்சிக்கறேன்."

மத்தியானம் நிழல் நகர்ந்தது. வெயில் பட்டதும் காந்திமதி எழுந்து குவியலுக்குக் கிழக்கே போனாள். அவள் விட்ட இடத்தில், வெயிலையும் பார்க்காமல், முதுகுவலிக்கு மரத்தில் சாய்ந்துகொள்ள வாகாக, காசியம்மாள் வந்து உட்கார்ந்தாள். சங்கவி சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்வதற்குள் காயும் ஆய்ந்தாகிவிட்டது, பாடமும் நெஞ்சில் நின்றுவிட்டது.

மறுநாள் திண்டிவனத்தில் தேர்வு நடத்த ஓட்டலிலிருந்து வந்தவர் பெயர் அலெக்ஸ். நிதானமான மனிதர். தமிழிலேயே சொல்லலாம் என்றார். சங்கவி மனசுக்குள் புளியமரத்தடியை விரித்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிரான்ஸ் வந்தது, இத்தாலியின் டஸ்கனி வந்தது, ஸ்பெயினின் ரியோகா வந்தது, ஜார்ஜியாவின் பானைகள் வந்தன. பிறகு கடலைத் தாண்டினாள்.

"ஆண்டிஸ் மலைக்கு மேற்கே அர்ஜென்டினா, கிழக்கே சிலி."

அலெக்ஸ் கையைத் தூக்கினார். "அப்போ சிலிக்காரங்க பசிபிக் கடல்ல கால் நனைக்கணும்னா மலையத் தாண்டிப் போவாங்களாம்மா?"

ஏற்கெனவே பேசி முடித்துப் பின்னால் உட்கார்ந்திருந்த மாணவர்கள் சிரித்தார்கள். சங்கவிக்குக் காது சுட்டது. போச்சு, ஷிப்டு பஸ்தான் என்று நினைத்தாள். எங்கே தவறியது? மனசுக்குள் மறுபடியும் மரத்தடியைப் பார்த்தாள். காந்திமதியின் இடத்தில் காசியம்மாள் மரத்தில் சாய்ந்துகொண்டிருந்தாள்.

அவளையும் மீறி ஒரு புன்னகை வந்தது. "மன்னிச்சிக்குங்க சார். மத்தியானம் நிழல் மாறிடுச்சு. காசியம்மா அத்த எடம் மாறி உக்காந்துட்டாங்க."

"யாரு காசியம்மா?"

ஒளிக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள். அலெக்ஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவங்களுக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படியே முதல்லேர்ந்து சொல்லுங்க."

இந்த முறை மனப்பாடம் இல்லை, பேச்சுதான். பண்ருட்டிப் பலா வந்தது, பனித்தண்ணீர் வாய்க்கால் வந்தது. தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சுற்றி நம் நாட்டு நாசிக்கில் வந்து நின்றாள். சிரித்தவர்கள்கூடக் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள்.

"வரைபடம் எல்லார் போன்லயும் இருக்கு" என்றார் அலெக்ஸ். "ஊரை மனுஷங்களா மாத்திச் சொல்றதுக்குத்தான் ஆள் தேடறோம். ஒண்ணாம் தேதி வந்துடுங்க. மலையை மட்டும் அதோட எடத்துல வைங்க."

விழுப்புரத்தில் பஸ் மாறி ஊருக்கு வருகிற வழியெல்லாம் அவளுக்கு ஒரே யோசனை. அந்தப் பெண்களிடம் என்ன சொல்வது? நன்றி என்று சொன்னால், "இன்னாடி அசலூர்க்காரியாட்டம் பேசற" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

வீட்டுக்குப் போகவில்லை. அன்று வீரம்மாள் கொல்லையில் காய் ஆய்கிற நாள். நேற்று சங்கவி வீட்டுக்கு வந்த கைகளெல்லாம் இன்று அங்கே இருந்தன, கலைமதியும் இருந்தாள். கூலி இல்லை, கைக்குக் கைதான்.

"கெடச்சிடுச்சி" என்றாள் சங்கவி.

கூச்சலில் காக்கைகள் எழும்பின. கலைமதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மலை புரண்ட கதையைக் கேட்டதும் காசியம்மாள் தலையில் கை வைத்தாள்.

"ஐயோ, என் முதுகுவலியால உன் வேலை போவப் பாத்துச்சா!"

"உங்க முதுகுவலியாலதான் அத்த கெடச்சிது."

சங்கவி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். இரவல் வாங்கிக் கட்டியிருந்த பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வட்டத்தில் இடம் பார்த்து உட்கார்ந்து, ஒரு செடியை இழுத்தாள்.

"எழுந்திருடி, பொடவையெல்லாம் மண்ணாவுது!" என்றாள் வீரம்மாள்.

"ஆவட்டும் பெரிம்மா" என்றாள் சங்கவி.