பாஷ்யம் விற்க மறுத்த வாட்ச்

“திருப்பதியில ஒரு வாட்ச் கடைக்காரன் என் கால்ல வுழுந்து அழுதான்யா. ‘சாமி, இந்த வாட்சை மட்டும் வாங்காதீங்க, புண்ணியமா போவும்’னு. சந்து பூரா கண்ணீரு. கோவிலுக்கு வந்த ஜனம் அதுலயே கால் கழுவிக்கினு போச்சு.”

சித்தூர் காட்பாடி ரோட்டில் தமிழ்வேந்தனின் டீக்கடையில் கேசவன் இதைச் சொன்னபோது யாரும் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. பிரம்மோற்சவத்தில் ஒரு மணி நேரத்தில் நானூறு பஸ் அனுப்பியதாகச் சொன்ன வாய் அது. கேசவன் வேலை பார்த்த அதே பஸ் டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டிய துலுக்காணம் மட்டும் விடவில்லை.

“வாங்காதேன்னு அழுவற கடைக்காரன் இன்னும் பொறக்கலடா. உன் கைல கட்டி இருக்கறது டூப்ளிகேட்டு. நல்லா ஏமாத்திட்டான் உன்னை.”

“ஏமாத்தணும்னா காசு வாங்கணும் இல்ல? ஒரு பைசா வாங்கல. சும்மா கட்டிக்கினு போன்னு குடுத்தான்.”

“லட்ச ரூபா வாட்சை சும்மா குடுத்தான். அப்பறம் கால்ல வுழுந்தான். அப்பறம்? பல்லக்குல வச்சி ஊருக்கு அனுப்பினானா?”

கடையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது கேசவன்தான். சிரிக்கும்வரை யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

விழுந்ததும் அழுததும் கேசவன் கைச்சரக்கு. மற்றதெல்லாம் நிஜம். முப்பத்துநாலு வருஷம் பஸ் ஸ்டாண்டில் கண்ட்ரோலராக உட்கார்ந்து, வண்டி கிளம்பிய நேரத்தை நிமிஷம் பிசகாமல் எழுதியவர், ரிடையரான மறுநாளிலிருந்து ஒரு நிஜத்தையும் தனியாக வெளியே விட்டதில்லை. துணைக்கு நாலு பொய்யைச் சேர்த்தே அனுப்புவார். மனைவி கன்னிகா போய் மூன்று வருஷம். மகள் பவ்யா டப்ளினிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆறு நிமிஷம் பேசுவாள். டீக்கடைக்கு வரும்போது அது தினமும் ஒரு மணி நேரமாகி, கேசவன் காது வெந்துபோயிருக்கும். இப்போது ஒரு தடவையாவது, நிஜமாக நடந்த ஒன்றை ஒருத்தனாவது நம்பினால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திருப்பதி கோவிந்தராஜ சுவாமி கோவிலை ஒட்டிய சந்தில் பாஷ்யத்தின் வாட்ச் கடை ஒரு கட்டில் அகலம். நெற்றியில் திருமண், ஒரு கண்ணில் லென்ஸ். அண்ணன் தம்பி எல்லாம் பெருமாள் கைங்கரியத்தில் இருக்க, இவர் மட்டும் பழைய சுவிஸ் வாட்சுகளோடு உட்கார்ந்துவிட்டார். பின்மூடியைத் திறந்து காட்டி, உள்ளே பொறித்த நம்பரைப் பில்லோடு ஒப்பிட்டு, “டயல் ஒரிஜினல். முள்ளு மாத்தினது, நான்தான் மாத்தினேன்” என்று குறையைத் தானே முதலில் சொல்வார். முதல் நாள் யாருக்கும் விற்க மாட்டார். ஆதார் ஜெராக்ஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு, எட்டு நாள் கட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்.

“இது பேட்டரி இல்லே ஸ்வாமி. கை அசையற அசைவுலதான் ஓடும். சாவியைத் திருகப்படாது. உங்க கைக்கும் இதுக்கும் ஒத்துப்போறதான்னு பார்க்கணுமோல்லியோ?”

கை அசையாத மனுஷன் உண்டா என்று கட்டிக்கொண்டு வந்தார் கேசவன். மூன்றாம் நாள் காலையில் வாட்ச் நாலு பத்தில் நின்றிருந்தது. உலுக்கினால் ஓடியது, மறுநாளே மறுபடி நின்றது. கேசவனுக்கு ஒரே கொண்டாட்டம். சண்டை போட ஓர் ஆள் கிடைத்துவிட்டான்! ஏழரை மணி பஸ்ஸில் ஏறிப் போய்க் கடை முன்னால் நின்று சத்தம் போட்டார். பாஷ்யம் வாட்சை வாங்கி, ஓட்டம் சோதிக்கும் மெஷினில் வைத்துப் பார்த்தார். பழுது எதுவும் இல்லை.

“நாள் பூரா என்ன பண்ணுவேள்?”

“எனக்கு நிக்க நேரம் ஏது சாமி? காலையில அஞ்சு கிலோமீட்டர் நடை. வூட்டுக்கு வர்ற ஜனத்துக்குக் கதவு தொறந்து தொறந்தே தோள்பட்டை எறங்கிப்போச்சு.”

பாஷ்யம் லென்ஸைக் கழற்றினார். “வாட்ச் அப்படிச் சொல்லலையே, ஸ்வாமி.”

கேசவன் கடையின் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். தன் வீட்டு ஜன்னலோரத்து நாற்காலி, சத்தம் குறைத்த டிவி, கழுவிக் கவிழ்த்த ஒற்றை டம்ளர் எல்லாம் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தது போல இருந்தது. பொய்யைப் பிடித்துவிட்டு ஒரு மனுஷன் சிரிக்காமல் இருப்பதை அன்றுதான் பார்த்தார்.

“இது உங்களுக்கு வேண்டாம். ஐந்நூறு ரூபாய்க்கு பேட்டரி வாட்ச் ஒண்ணு வாங்கிக்கோங்கோ. நீங்க உக்காண்டிருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும்.”

கேசவன் விடவில்லை, வாட்சின் விலையோடு கொண்டுவந்திருந்த பணக்கவரைப் பலகையில் வைத்தார். பாஷ்யம் திருப்பித் தள்ளினார். மறுபடியும் வைத்துவிட்டுத் தெருவில் இறங்கியவரைச் செருப்புகூடப் போடாமல் துரத்திவந்து சட்டைப் பையில் செருகினார். “பெருமாள் மேல ஆணை, வாங்காதீங்கோ.”

“இன்னும் எட்டு நாள் குடு சாமி. மறுபடி நின்னா நானே கொண்டாந்து குடுத்துடறேன்.”

அந்த எட்டு நாளும் சித்தூர் கண்டதை எந்த ஊரும் கண்டிருக்காது. கேசவன் ஜன்னல் கம்பிகளைத் தேய்த்த தேய்ப்பில் பல்லிகள் வழுக்கி விழுந்தன. மிக்ஸியை மூட்டைகட்டிவிட்டு அம்மியில் அரைத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்று, ரிவர்ஸ் வரும் வண்டிகளுக்கெல்லாம் “வா, வா, வா… ரைட்!” என்று கை வீசினார். புது டிரைவர்கள் அவரை யாரோ ஆபீசர் என்று நினைத்து, “சரே சார்” என்று பணிந்தார்கள். குப்பம் பஸ் கிளம்பும்போது ஜன்னலில் இருந்த ஒவ்வொருவருக்கும் டாட்டா காட்டினார். குடுபல்லிக்குப் போகிற ஓர் அம்மாள் சொந்தக்காரர் என்று எண்ணி, “ஆயாவை விசாரிச்சதா சொல்லு நைனா!” என்று கத்திவிட்டுப் போனாள். பதில் சொல்ல ஆள் கிடைத்த சந்தோஷத்தில், பஸ் மறையும்வரை, “சொல்றேன், சொல்றேன்” என்றார்.

சாயங்காலங்களில் முருக்கம்பட்டு வரை நடந்து துலுக்காணம் வீட்டுக்குப் போய், பழைய கதையையே சொன்னார். துலுக்காணம் தினமும், “பொய்” என்றான். கடைசியில், “சனிக்கிழமை நானே வரேன். அந்த ஐயரு கழுத்தைப் புடிச்சிக் கேக்கறேன்” என்றான்.

ஆறாம் நாள் காய்ச்சல். கட்டிலை விட்டு எழ முடியவில்லை. மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கேசவன் மல்லாந்து படுத்தபடி இடது கையைத் தூக்கி, ஓடாத மின்விசிறிக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தார். கை வலித்தால் வலது கையால் முட்டுக்கொடுத்துக்கொண்டு மறுபடியும். அதை அவர் யாரிடமும் கதையாகச் சொல்லவில்லை.

சனிக்கிழமை பாஷ்யம் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டு, நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டார். சாவியைத் திருகினீர்களா என்று கேட்கக்கூட இல்லை.

“எட்டு நாளும் ஓடியிருக்கு. ஆனா இப்பவும் சொல்றேன், வாங்காதீங்கோ.”

துலுக்காணம் முன்னால் வந்தான். “ஏன் சாமி? வாட்சு டூப்ளிகேட்டா?”

“அசல்.” பாஷ்யம் அதை மெதுவாகத் துணியில் துடைத்தார். “இதை ஓட வைக்க இவர் என்ன பாடுபட்டிருப்பார்னு எனக்குத் தெரியறது. உடம்பு முடியாத ஒரு நாள் இது நின்னுடும். அன்னிக்கு வாட்ச்தானே நின்னுதுன்னு இவர் சும்மா இருப்பாரா? வேண்டாம், கேளுங்கோ.”

துலுக்காணம் கேசவனைத் திரும்பிப் பார்த்தான். அவர் பணக்கவரைப் பலகையில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். பாஷ்யம் அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேசவன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். எட்டு நாளாக ஓயாத இடது கை மடியில் கிடந்தது. சந்திரகிரி தாண்டியதும் துலுக்காணத்தின் போன் அடித்தது. தமிழ்வேந்தன்தான், பின்னால் டீக்கடையே சிரித்துக்கொண்டிருப்பது கேட்டது.

“நடந்துச்சுடா,” என்றான் துலுக்காணம். “ஆமா, வாங்காதேன்னுதான் சொன்னான். பக்கத்துல நின்னு என் கண்ணால பார்த்தேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பு நின்று, ஏன் என்று கேள்வி வந்தது. கேசவன் முகத்தைத் திருப்பாமல், மழையில் கறுத்த குன்றுகள் பின்னால் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் கேக்காத. நடந்துச்சு, அவ்வளவுதான்,” என்று போனை வைத்தான் துலுக்காணம்.