புரூடென்ஸ் கப்பலின் ஏலம்

விட்பி துறையில் புரூடென்ஸைக் கட்டிய ஆசாரிகளில் ஜேபஸும் ஒருவர். கட்டி முடித்ததும் அதிலேயே வேலைக்கு ஏறிக்கொண்டார். பன்னிரண்டு வருடம் அது லண்டனுக்கு நிலக்கரி கொண்டுபோனது. பிறகு ரிகாவிலிருந்து மரம். பிறகு அமெரிக்கச் சண்டைக்குச் சிப்பாய்கள். கடைசியில் திமிங்கில வேட்டைக்காகக் கிரீன்லாந்து போனது. அங்கே கடல் உறைந்து பனிப்பாளங்கள் கப்பலை நெருக்கியதில் ஜேபஸின் மூத்த மகன் செத்தான். கப்பல் திரும்பி வந்தது.

இன்று பகல் அதற்கு ஏலம். மதுக்கடை மேசையில் ஓர் அங்குல மெழுகுவர்த்தி எரிந்தது. அது அணையும்போது கடைசியாக விலை சொன்னவருக்குக் கப்பல். போட்டியில் மிஞ்சியது இரண்டு பேர். கார்பட் வாங்கினால் உடைத்து மரத்தை விற்பார். பென்னக் வாங்கினால் மறுபடி கிரீன்லாந்து. ஜேபஸின் இளைய மகன் ஈனாக், பென்னக் வாங்கினால் அதில் வேலைக்குப் போவதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, கதவோரம் நின்றிருந்தான்.

"ஆசாரி, கப்பலோட அடி எப்படி இருக்கு?" என்றார் பென்னக்.

"உளுத்துப்போச்சுங்க. முன்பக்கத்து விலாக்கட்டையில கத்தியக் குத்துனா பிடி வரைக்கும் இறங்குது. இன்னொரு தடவ பனி நெருக்குனா தாங்காது."

பென்னக் சிரித்தார். "கார்பட் எத்தன குப்பி ரம் வாங்கிக் குடுத்தான்?"

அறையே சிரித்தது. ஏலத்தில் கப்பலைப் பழிக்கிறவன் யாருக்காகவோ விலையை இறக்குகிறான் என்பது ஊரறிந்த சங்கதி. ஜேபஸே மற்றவர்களைப் பார்த்து அப்படிச் சிரித்திருக்கிறார். யாரும் எதுவும் வாங்கித் தரவில்லை, கப்பலுக்கு வந்தால் உளுத்த இடத்தைக் காட்டுகிறேன் என்றார் ஜேபஸ். பென்னக் மெழுகுவர்த்தியைக் காட்டினார். அதற்குள் அணைந்துவிடுமாம்.

பழித்த கப்பலில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பென்னக் ஒரே தாவலில் விலையை ஏற்றினார். கார்பட் உதட்டைப் பிதுக்கினார். சுடர் சரிந்தது. புகை வந்தது.

ஈனாக் பக்கத்தில் வந்தான். "ஏம்ப்பா என் பொழப்புல மண்ண அள்ளிப் போடப் பாத்த?"



பென்னக் வந்து ஜேபஸின் தோளில் தட்டினார். மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை, ஆசாரி வேலை காலியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி ஒப்பந்தத் தாளை நீட்டினார். மகன் பெயருக்குக் கீழே ஜேபஸ் தன் அடையாளக் குறியை இட்டார்.

கப்பலின் அடியில் பூசத் தார் எவ்வளவு வேண்டும் என்று பென்னக் கேட்டார்.

நாலு பீப்பாய் என்றார் ஜேபஸ்.