நாள்காட்டியின் பின்பக்கம்

அன்று வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற வேங்கடாசலமாகிய நான், என் மகள் தாட்சாயணி, தங்கை மகன் ஜெயபிரகாஷ், நகரியிலிருந்து வந்த ஹேமநாத். வேறு யாரும் இல்லை.

பேருந்தின் தெலுங்குப் பலகையைத் தமிழில் படித்துச் சொல்லும் செயலியைத் தாட்சாயணி நடத்துகிறாள். திருப்பதிக்கு வேலைக்கு வரும் தமிழர்களுக்காக ஆரம்பித்தது. அதன் நிரல் திறந்தே இருக்கும்; யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஹேமநாத் புதியவர். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் தினமும் வேலை முடிந்து வந்து, ஆறு வாரம் உட்கார்ந்து, சத்தியவேடு வழித்தட ஊர்களைச் சேர்த்து அனுப்பினார். அதையே ஜெயபிரகாஷ் ஏற்கெனவே பாதி செய்திருந்தான். வேண்டாமென்று பதில் போயிற்று.

"என் பேர எடுத்துருங்க மேடம். தொறந்த வூடுன்னீங்க. உள்ள வந்தா எல்லாம் ஒரே வூட்டு ஆளுங்களா கீறீங்க" என்றார் ஹேமநாத்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றான் ஜெயபிரகாஷ்.

"இன்னா நடக்குதுன்னே தெர்ல. இன்னான்னு கேக்கறது?"

தாட்சாயணிக்கு அவரை விட மனமில்லை. ஆறு மாதத்தில் வந்த ஒரே புதியவர். இவரும் போனால் அடுத்து யாரும் வரமாட்டார்கள்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைப் பக்கம் போன ஹேமநாத் அங்கேயே நின்றுவிட்டார். ஆணியில் திருப்பி மாட்டியிருந்த நாள்காட்டியின் பின்பக்கத்தில் தாட்சாயணியின் கையெழுத்து: யார் எந்த வேலையில் இருக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து. சத்தியவேடு, ஜே.பி., ஆனி ஐந்து.

"இத்த வெளியில போட்டிருந்தா நான் குப்பம் ரூட்ட எடுத்துக்கினு போயிருப்பனே!"

"நைனாதான் போடக்கூடாதுன்னாரு" என்றாள் தாட்சாயணி, என்னைப் பார்க்காமல்.

உண்மைதான். தட்டு மாற்றும் வரை கல்யாணப் பேச்சை வெளியே விடாத குடும்பம் எங்களுடையது. முடியாத வேலையை ஊருக்குச் சொல்லி, அது பாதியில் நின்றால் யாருக்கு அவமானம்? அப்படித்தான் சொன்னேன்.

மறைத்து மறைத்து எனக்கே அலுத்துப்போயிருந்தது. நாள்காட்டியைக் கழற்றி ஹேமநாத்திடம் கொடுத்தேன்.

"எல்லாத்தையும் போடு."

"பாதியில நிக்கறதையுமா சார்?"

"அதையுந்தான்."

அவர் உரக்கப் படித்துக்கொண்டே செயலியின் பக்கத்தில் ஏற்றினார். பதினொரு வேலைகள். நான்கு, தை மாதத்திலிருந்து அசையவில்லை. அவற்றில் இரண்டு என் மகளுடையவை. முழுவதும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஜெயபிரகாஷ் தன் பாதி வேலையை விட்டுக்கொடுத்தான். ஹேமநாத்துடையது அவர் பெயரிலேயே சேர்ந்தது. அந்த வாரமே, பட்டியலில் யார் பெயரிலும் இல்லாத குப்பம் வழித்தடத்தைப் புத்தலப்பட்டுப் பெண் ஒருத்தி கேட்டு எடுத்துக்கொண்டாள்.

ஹேமநாத்தின் வேலையை நாங்கள் திருடிக்கொண்டதாகப் புத்தூர் வரை பேசுகிறார்கள். திருடவில்லை. எங்கள் வேலையைச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தோம். மறைக்கச் சொன்னவன் நான்.