மூன்று ரூபாய்க்கு மிதந்த தொரசானி

ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட ஆரம்பித்த வருஷம், ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போன அருள்பிரகாசத்தின் டாக்சிக்குள் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் மேலே எழும்பினாள். அன்று காசிமேட்டில் சங்கரா மீன் கூறு ஆறணா. வஞ்சிரம் மட்டும் கொஞ்சம் ஏற்றம்.

அருள்பிரகாசத்தின் வண்டி பழைய லேண்ட்மாஸ்டர். அதில் மீட்டர் இருந்தது, மீட்டரின் தலையில் கோணித்துணி இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டு, மீன் கூடைக்காரிகள், ஷிப்டுக்குப் போகிறவர்கள், யார் மடியிலாவது உட்காரச் சம்மதிக்கிறவர்கள் என்று கதவு சாத்த முடியாத அளவுக்கு அடைத்துக்கொண்டுதான் கிளம்புவான். அவன் மனைவி ரோசி காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனை அதே வண்டியில் எண்ணூருக்குக் கொண்டுபோய் விற்பவள். தலைக்கு எட்டணா. ஆனால் எட்டணா என்று எடுத்த எடுப்பில் சொல்வது அந்த லைனில் மரியாதையில்லை. டிரைவர் மூன்று ரூபாய் என்பான். ஏற வந்தவர் நெஞ்சில் கை வைத்து, "இன்னாது, மூணு ரூபாயா? இது டாக்சியா கப்பலா?" என்பார். டிரைவர் பெட்ரோல் விலையைச் சொல்வான், டயரைச் சொல்வான், வீட்டில் பிள்ளைகள் பட்டினி என்பான். அருள்பிரகாசத்துக்குப் பிள்ளையே இல்லை என்பது ராயபுரம் முழுக்கத் தெரியும், ஆனாலும் கேட்டுக்கொள்வார்கள். திட்டித் தீர்த்து, சிரித்து, எட்டணாவுக்கு வந்து சேரும்போது இரண்டு பேரும் பாதி உறவாகியிருப்பார்கள். பிறகு வண்டி கிளம்பும்.

அந்த வருஷம்தான் எண்ணூர் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலைக்கு மிஷின் பூட்ட செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து இன்ஜினியர்கள் குடும்பத்தோடு வந்து குடியேறினார்கள். அதில் ஒரு இன்ஜினியரின் மனைவி பொசேனா. நல்ல உயரம், வெயிலில் தக்காளியாகச் சிவக்கிற முகம், எதைப் பார்த்தாலும் ஆச்சரியம். முதல் நாள் அவள் வந்து நின்றபோது அருள்பிரகாசம் வழக்கம்போல மூன்று ரூபாய் என்று ஆரம்பித்தான். அவள் பையைத் திறந்தாள், மூன்று ரூபாயை எடுத்து அவன் கையில் வைத்தாள், கும்பிட்டாள், ஏறிக்கொண்டாள். அடுத்துப் பேசவேண்டிய பெட்ரோலும் டயரும் பட்டினியும் அவன் வாயிலேயே நின்றன. ஏமாற்றும் எண்ணம் அவனுக்கு சத்தியமாக இல்லை. வந்த பணத்தைத் திருப்பித் தரும் எண்ணமும் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திருவொற்றியூர் தேரடி தாண்டும்போது அவள் கூந்தல் வண்டிக் கூரையில் இடித்தது. பக்கத்தில் இருந்த ரோசி எட்டிப் பார்த்தாள், சீட்டுக்கும் அவளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தன் மீன் கூடையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். பொசேனா கீழே இறங்கி உட்கார்ந்தாள், மேற்கொண்டு பயணம் சௌகரியமாக நடந்தது.

கார்த்திகை பிறப்பதற்குள் குடியிருப்பில் இருந்த அத்தனை வெளிநாட்டுக்காரர்களும் மிதந்தார்கள். கேட்ட மூன்று ரூபாயை அப்படியே கொடுத்துவிட்டு எத்தனை முறை டாக்சியில் போனார்களோ அத்தனை உயரம். இந்த ஊர்க் காற்று அப்படி என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள், புகார் எதுவும் எழுதவில்லை. இன்ஜினியர்கள் இடுப்பில் அம்மிக் குழவியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள், திருவொற்றியூரில் குழவி விலை இரண்டு பங்காயிற்று. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டதும் தென்னைமரத்து உச்சியில் உட்கார்ந்து பாடம் படித்தன. இந்தப் பக்கம் அருள்பிரகாசம் கனத்துக்கொண்டே போனான். ஆள் பார்க்க அதே ஒல்லிதான், ஆனால் நடந்தால் தார்ரோட்டில் காலடி பதிந்தது. கட்டில் முறிந்தது. டிரைவர் பக்கத்து ஸ்பிரிங் போய் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடியது.

"அந்தப் பொண்ணு துட்டுதான்யா உன்ன அமுக்குது. குட்துடு," என்றாள் ரோசி.

அவன் கொடுக்கத்தான் போனான். பொசேனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவன் கேட்ட விலை, அவள் கொடுத்த விலை, அவள் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாதாம். திருப்பி வாங்கினால் அவனை அவமானப்படுத்தியது ஆகுமாம். எட்டணா போதும் என்று அவன் எவ்வளவோ கெஞ்சினான். சிரித்தபடியே மூன்று ரூபாயை அவன் சட்டைப் பையில் செருகினாள். அதற்குள் அவளுக்கு ரோசி மேல் ஒரே பிரியம். தினமும் விடியற்காலையில் காசிமேட்டுக்கு வந்து, ஏலத்தை வேடிக்கை பார்த்து, மீன் நிறைந்த கூடையை மடியில் வைத்துக்கொண்டு ரோசி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். ரோசி பேசுவதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாள்.

ஒருநாள் காலை வரத்து குறைந்து வஞ்சிரத்துக்கு அடிதடி. ரோசி குஷியில் இருந்தாள். ஒரு ஓட்டல்காரர் வந்து அவள் கனவிலும் நினைக்காத விலையைச் சொன்னதும், கையில் இருந்ததை விற்றாள், காலடியில் இருந்ததை விற்றாள், பொசேனாவின் மடிக் கூடையில் இருந்ததையும் அள்ளிப் போட்டுவிட்டாள். வியாபாரக்காரி புத்தி, என்ன செய்வது! காலிக் கூடையோடு பொசேனா ஏலக்கொட்டகைக்கு மேலே போனாள். விடியற்காலையில் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று அவளைப் பிடித்துக்கொண்டது. பாய்மரங்களைத் தாண்டினாள். அதுவரை எதற்கும் பயப்படாத முகம் அன்றுதான் பயந்தது.

அருள்பிரகாசம் அலறிக்கொண்டு ஓடினான், ஓடிய இடமெல்லாம் மணலில் முழங்கால்வரை இறங்கினான். அவன் ஏறினால் முழுகிவிடும் என்று யாரும் படகு தரவில்லை. தன் மூன்று ரூபாயில் ஒரு உயிர் போகிறதே என்று அவனுக்கு நெஞ்சு வெடித்தது.

"தொரசானி, எறங்கி வாம்மா! எண்ணூருக்கு எட்டணா! எட்டணாதாம்மா!"

ஒரு அங்குலம்கூட அவள் இறங்கவில்லை. ரோசி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். "எட்தவொடனே எட்டணான்னா அது பேரமாய்யா? மொதல்லேர்ந்து கேளு!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் கேட்காத குரலில் கேட்டான். "எண்ணூர் மூணு ரூபா!"

மேலேயிருந்து நடுங்கும் குரலில் பதில் வந்தது: "இன்னாது, மூணு ரூபாயா? இது டாக்சியா கப்பலா?"

சொன்னதும் ஒரு பனைமரம் அளவுக்கு இறங்கினாள். அருள்பிரகாசத்தின் கால்கள் மணலிலிருந்து தாமாக வெளியே வந்தன. இரண்டு ரூபாய் என்றான். கொள்ளையடிக்கிறாயா என்றாள். காற்றும் கொஞ்சம் யோசித்து நின்றது.

"பெட்ரோல் இன்னா வெல விக்குது தெரியுமா தொரசானி? புள்ளைங்க பட்னி!"

"ஒனக்குப் புள்ளையே கெடையாதே!"

கரையில் எழுந்த கூச்சலில் ராயபுரம் மாதா கோயில் புறாக்கள் பறந்தன. ஒரு ரூபாய்க்கு அவள் கொட்டகைக் கூரைக்கு வந்தாள், எட்டணாவுக்கு அவள் செருப்பு மீன் செதில் கிடந்த தரையைத் தொட்டது. ருசி கண்டுவிட்டாள் போல, அதோடு விடாமல் "நாலணா!" என்றாள். அருள்பிரகாசம் தரையை விட்டுக் கிளம்பினான். ரோசி பாய்ந்து அவன் கைலியைப் பிடித்தாள்.

"போதும்மா, வுட்டுடும்மா! எனக்குக் கீறது ஒரே புருசன்!"

எட்டணாவிலேயே பேச்சு முடிந்தது. முன்னால் கொடுத்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பேசி முடித்த விலையைத் திரும்பத் தோண்டுகிற பழக்கம் அந்த லைனில் இல்லை.

அதன் பிறகு ஸ்டேஷன் வாசலில் இன்ஜினியர்கள் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்துப் பழகினார்கள். குழவி விலை பழைய நிலைக்கு வந்தது. எண்ணூர் லைனில் பேரம் முடிந்ததும் இரண்டு பேரும் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கமாயிற்று. நாலு கால்களும் தரையில் இருந்தால் கதவைச் சாத்துவார்கள். பெட்ரோல் விலை ஏறிய வருஷம் டிரைவர்கள் ஒவ்வொருவராக சீட்டை விட்டு எழும்பினார்கள். ஜனங்கள் அதைப் பார்த்துவிட்டு, சண்டை சச்சரவில்லாமல், பத்தணா ஆக்கினார்கள், பிறகு முக்கால் ரூபாய். போலீசுக்காரர்களும் அதே கட்டணத்துக்குத்தான் போனார்கள்.

மிஷின் வேலை முடிந்து பொசேனா ஊருக்குத் திரும்பிய அன்று, பம்பாய் ரயிலுக்காக சென்ட்ரலுக்கு அருள்பிரகாசம்தான் வண்டி எடுத்தான். அவள் ஆசையாக நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அவன் விலை சொல்லக் காத்திருந்தாள். அவன் வாயே திறக்கவில்லை. அவள் பையைத் திறந்தபோது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான். கண் கலங்கியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை. வண்டி ராயபுரம் பாலத்தில் ஏறும்போது அவன் தலை கூரையில் இடித்தது, கால் பிரேக்கைத் தேடியது. பின் சீட்டிலிருந்த ரோசி ஒன்றும் கேட்காமல் மீன் கூடையை எடுத்து முன்னால் நீட்டினாள். பொசேனா அதை வாங்கி அவன் மடியில் வைத்தாள்.